ஏரிக்கரையில் விட்டுப்போன கண்டக்டரம்மா

கண்டக்டரம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது என்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தபால்காரர், பால்காரி, எதிர்வீட்டுத் தையல்காரர் எல்லாருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டபோது, அவளே "கண்டக்டரம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் வீட்டுக்கு வந்து அதையே நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிரிக்கத் தெரிந்தவள்தான். வாய்விட்டுச் சிரிக்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது?

கல்யாணமாகி வந்ததும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவுகிற இடம். டீசல் வாசனை சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வண்டி கிளம்புவதற்கு முன்னால் எழுந்து கண்டக்டருக்கு வெந்நீர் போட்டு, டீ கொடுத்து, சாப்பாடு கட்டி, காக்கிச் சட்டையில் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். தோல் பையின் வார் அடிக்கடி அறுந்துபோகும். அவள்தான் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பாள். அந்தத் தையலைப் பார்த்து டிப்போவில் நாலு பேர் தங்கள் பையையும் கொடுத்தனுப்பினார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று காலண்டரில் இருந்தது, அவ்வளவுதான்.

கண்டக்டர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. ஆனால் வீட்டையும் பஸ் மாதிரியே நடத்துவார். "உள்ளே போ, உள்ளே போ, வழியை விடு" என்பார். வெளியே கிளம்ப வேண்டுமென்றால் வாசலில் நின்று விசில் ஊதுவார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் கிளம்பு. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அவளுக்கு இடுப்பில் துண்டோடு அடுப்பை அணைக்க ஓடுகிற நேரம்.

இனி அந்த மலைப் பயணத்துக்கு வருகிறேன். குடும்பத்தில் யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் அந்தக் கதை வந்துவிடும். நாத்தனார், அதாவது கண்டக்டரின் தங்கை, கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லுவாள். நான் ஒட்டு வேலை இல்லாமல் சொல்கிறேன்.

பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது, கோடை விடுமுறைக்கு ஒரு வேன் பிடித்து எல்லாரும் மலைமேல் இருக்கிற ஏரிக்குப் போனார்கள். வாழ்க்கையில் முதல் சுற்றுலா. டிப்போவில் கூட வேலை பார்க்கிற டிரைவரே லீவு போட்டுவிட்டு வேன் ஓட்ட வந்தார். கண்டக்டரின் பிள்ளைகள், நாத்தனார், அவள் வீட்டுக்காரர், அவள் பிள்ளைகள் என்று வேன் கொள்ளாத கூட்டம். இத்தனை பேருக்கும் விடிவதற்கு முன்னால் சமைத்து டிபன் கேரியர்களில் அடைத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வழியில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டது யார் என்றும் சொல்லத் தேவையில்லை.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுற்றி மலை, நடுவில் தட்டில் ஊற்றின மாதிரி தண்ணீர், அதன் மேல் பனி. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. எல்லாரும் படகில் போனார்கள். அவள் கரையில் ஜமுக்காளம் விரித்து, தட்டு எடுத்து வைத்து, ஸ்வெட்டர்களுக்குக் காவல் இருந்தாள். "நீயும் வாயேன்" என்று கண்டக்டர் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டார். "சாப்பாட்டைக் குரங்கு தூக்கிட்டுப் போயிரும், நீங்க போங்க" என்றாள். அவரும் போய்விட்டார். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள்.

மழை வருகிற மாதிரி இருந்தது. "கிளம்பு, கிளம்பு" என்று கண்டக்டர் எல்லாரையும் வேனில் ஏற்றினார். வாசலில் நின்று, பஸ்ஸில் எண்ணுகிற மாதிரியே விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் தொழில்காரர் இல்லையா, இரண்டு விசில் காதில் விழுந்தால் அவர் கால் தானாக அமுக்கும், திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. வேன் போய்விட்டது.

கண்டக்டரம்மா இல்லாமலே கணக்கு எப்படிச் சரியாக வந்தது? அங்கேதான் இருக்கிறது சங்கதி. கண்டக்டர் ஆள் எண்ணும்போது டிரைவரைச் சேர்க்க மாட்டார், தன்னையும் சேர்க்க மாட்டார். பயணிகளை மட்டும்தான் எண்ணுவார், அது தொழில் புத்தி. அன்றைக்கு அந்த விட்ட கணக்கில் அவளும் போய்விட்டாள். காலையிலிருந்து வேலை செய்துகொண்டே வந்தவளை அவர் மனசு பயணி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. டிரைவர், தான், அவள், மூன்று பேரும் டியூட்டி. மற்றவர்கள் எல்லாரும் ஏறியாச்சு, போலாம் ரைட்!

ஏரிப் பள்ளத்தை விட்டு மேலே நாலு வளைவு ஏறின பிறகு ஒரு பிள்ளை, "அம்மா, தண்ணி" என்றது. பதில் இல்லை. அப்போதுதான் எல்லாரும் பின்னால் பார்த்தார்கள். கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. குறுகின ரோடு, வேனைத் திருப்ப இடம் இல்லை. மேலே போய்த்தான் திருப்ப வேண்டும் என்றார் டிரைவர். கண்டக்டர் அங்கேயே கீழே குதித்து, வந்த வழியே தலைதெறிக்க ஓடினார்.

நாத்தனார் சொல்வதில் இதற்கப்புறம் ஒரே அழுகை. "போய்ப் பாத்தா அண்ணி அந்தப் பெஞ்சில உக்காந்து தேம்பித் தேம்பி அழறாங்க. கேரியரைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, பாவம், குளிர்ல நடுங்கிப் போய்..." என்று இழுப்பாள். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கண்டக்டர் எழுந்து வெளியே போய்விடுவார். கண்டக்டரம்மா அடுக்களைக்குள் போய், இல்லாத வேலையைத் தேடுவாள்.

ஏனென்றால் நடந்தது அது இல்லை.

கழுவின பாத்திரத்தோடு வந்தவள் வேன் இல்லாததைப் பார்த்தாள். பயந்துதான் போனாள், பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் அழுதாள்கூட. படகோட்டி ஒருவர், சளி பிடித்து மூக்கு சிவந்த ஆள், தலையில் கம்பளித் தொப்பி, அவளைப் பார்த்துவிட்டு வந்தார். "விட்டுட்டுப் போயிட்டாங்களா? மாசத்துக்கு ஒருத்தர் இப்படி மிஞ்சிருவாங்கம்மா, பயப்படாதீங்க. இந்த ரோட்டுல வண்டியைத் திருப்பிட்டு வர நேரமாகும். அழறதைப் படகுல உக்காந்து அழுங்களேன், ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார்.

எந்தத் தைரியத்தில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கேரியரைக் கரையில் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், ஏறினாள். படகு நடு ஏரிக்குப் போனதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. யாரும் சாவி எங்கே, துண்டு எங்கே என்று கேட்கவில்லை. கையைத் தண்ணீரில் விட்டாள், சில்லென்று தோள் வரைக்கும் ஏறியது. அந்த நேரம் பார்த்துப் படகோட்டி போட்டார் ஒரு தும்மல். தலைத்தொப்பி எகிறித் தண்ணீரில் விழுந்தது. துடுப்பால் அதை எடுக்கப் போய் இன்னொரு தும்மல். படகு வட்டம் போட, தொப்பி முன்னால் போக, இவர் பின்னால் துரத்த... கண்டக்டரம்மா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மலையில் பட்டு அது திரும்பி வந்தது. அந்தச் சத்தத்துக்கு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை.

கரைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் வந்தார். அவள் கையை மறைத்துக்கொண்டாள், ஈரம் தெரிந்துவிடுமே. அவர் கண் சிவந்திருந்தது. "உன்னை எண்ணாம விட்டுட்டேன்" என்று சொல்லி அழுதே விட்டார். காக்கிச் சட்டைக்காரர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. அதில் பாதி, அந்த ஒரு சுற்று முடிந்துபோயிற்றே என்கிற அழுகை. வேன் வந்து சேர்ந்தபோது நாத்தனார் பார்த்தது அந்த அழுகையைத்தான்.

அன்றிலிருந்து கண்டக்டர் ஆளே மாறிப்போனார். வீட்டில் விசில் ஊதுவது நின்றது. பிள்ளைகள் கெஞ்சினாலும் ஊத மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு அந்த விசில் வீட்டுச் சாவிக்கொத்தில் சும்மா தொங்கியது. தன் தட்டைத் தானே கழுவினார். ஞாயிற்றுக்கிழமை டீ அவர் போட்டார், வாயில் வைக்க முடியாது, இருந்தாலும் போட்டார். வெளியே எங்கே கிளம்பினாலும் முதலில் அவள் தோளைத் தொட்டு "ஒண்ணு" என்பார். அப்புறம்தான் மற்றவர்கள். கடைக்கு இரண்டே பேர் போகும்போதும் "ஒண்ணு" என்று தொட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். அவர் கை தோளில் படுகிற அந்த ஒரு நொடிக்காக அவள் நின்று காத்திருப்பாள்.

இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது? "நான் அழலைங்க, ஜாலியாப் படகுல போனேன்" என்று எந்த வாயால் சொல்வது? முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை. கடைசியில், சொன்னால் அந்த "ஒண்ணு" நின்றுவிடுமோ என்று சொல்லவில்லை. வருஷம் ஓடிப்போயிற்று. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மலைக்கு மட்டும் அவர்கள் மறுபடி போகவே இல்லை.

இந்த வருஷம் மழைக்காலத்தில் கண்டக்டருக்குக் கடுமையான காய்ச்சல். நினைவு தப்பிப் பிதற்றினார். ஈரத்துணியை அவர் நெற்றியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் காதில் விழுந்தது: "அவ ஏரியில இருக்கா... ஏரியிலயே இருக்கா." இத்தனை வயசுக்கு அப்புறமும் மனுஷன் அதையே சுமந்துகொண்டு கிடக்கிறாரே! நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்றைக்கோ இறக்கி வைத்திருப்பாரே! காய்ச்சல் விட்டதும் மகளிடம், "லீவுக்கு எங்கேயோ போகணும்னியே, அந்த ஏரிக்கே போவோம்" என்றாள். அங்கே வைத்து, அந்தத் தண்ணீரிலேயே வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். அப்புறம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, "ஒண்ணு" நின்றாலும் சரி.

கண்டக்டர் முட்டி வலி என்றார், குளிர் ஆகாது என்றார், இல்லாத சாக்கெல்லாம் சொன்னார். "நீங்க வராட்டிப் போங்க, நான் போறேன்" என்றாள் அவள். மறு பேச்சு பேசாமல் ஸ்வெட்டரை வெயிலில் போட்டார்.

மகள், மருமகன், நாத்தனார், இவர்கள் இரண்டு பேர். மகளின் காரிலேயே போனார்கள். ஏரி அங்கேயே இருந்தது, கரைதான் மாறிப்போயிருந்தது. சுற்றிலும் சிமென்ட் பாதை, ஐஸ்கிரீம் கடை, வாத்து மாதிரி பிளாஸ்டிக் படகுகள், மேட்டில் வண்டி நிறுத்த இடம். குழாயடி இருந்த இடத்தில் பூட்டின கழிப்பறை. பெஞ்சைக் காணோம். "இங்கதானே அண்ணி உக்காந்து அழுதீங்க?" என்று நாத்தனார் வேறு எதையோ காட்டினாள். தண்ணீரின் அந்த வாசனை மட்டும் மாறவில்லை. கண்டக்டரம்மா அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள்.

மகளும் மருமகனும் வாத்துப் படகில் போனார்கள். வயசான பிறகு தண்ணீர் என்றால் நாத்தனாருக்கு உதறல், அவள் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்துவிட்டாள். துடுப்புப் படகு ஒன்றுதான் இருந்தது. படகோட்டி இளவட்டம், காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கண்டக்டரும் கண்டக்டரம்மாவும் ஏறி எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். நடு ஏரி வந்தது. அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு நான் உக்காந்து அழலைங்க. கொஞ்சம் அழுதேன், இல்லேங்கல. அப்புறம் ஒரு படகுக்காரர் கூப்பிட்டாரு, ஏறிட்டேன். ஒரு சுத்து சுத்தினேன். நீங்க அங்க பதறிக்கிட்டு ஓடி வர்றீங்க, நான் இங்க சந்தோஷமா இருந்தேன். அவ்வளவுதான். இத்தனை வருஷமா நீங்க வீணா மனசு ஒடிஞ்சு கிடக்கிறீங்க."

கண்டக்டர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தொப்பி கிடைச்சுதா?" என்றார்.

"எந்தத் தொப்பி?"

"அந்தாளு தும்மினானே, தண்ணியில விழுந்துச்சே."

தொப்பியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அத்தனை தூரம் ஓடி வந்த மனுஷனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. கண் மட்டும்தான் சிவந்திருந்தது.

"நீங்க பாத்தீங்களா?"

"டிக்கெட் கொட்டகைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். உன்னைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். நீ சிரிச்ச. அந்த மாதிரி நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லடி. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. நான் வந்து நின்னா நின்னுருமேன்னு தோணுச்சு. நீ இறங்கி வந்து உக்கார்ற வரைக்கும் அங்கேயே நின்னேன்." அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வண்டியில ஏத்தாம விட்டது ஒரு தப்பா? அது பழக்க தோஷம். நான் இல்லேன்னாதான் இவ சிரிக்கிறான்னு அன்னைக்குத் தெரிஞ்சுதே, அதுதான் என்னை அறுத்துக்கிட்டே இருக்கு."

கண்டக்டரம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். "தெரிஞ்சும் இத்தனை வருஷமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உங்க தங்கச்சி நான் தேம்பி அழுதேன்னு ஊர் பூரா சொல்லும்போது கல்லு மாதிரி எந்திரிச்சுப் போனீங்களே!"

"நீ மட்டும் என்ன, வாயைத் திறந்தியா?"

அதுவும் சரிதானே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை டீ, எத்தனை "ஒண்ணு", எல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். அவர் அந்தச் சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

படகு கரைக்கு வந்தது. கண்டக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவளும் எழுந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ உக்காரு. இன்னொரு சுத்து போயிட்டு வா."

"நீங்க?"

"நான் இங்க நிக்கிறேன். ஒளிஞ்சுக்க மாட்டேன்." குனிந்து, கரையில் கழற்றி விட்டிருந்த அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "நம்ம வண்டிதான், தைரியமாப் போ."

படகோட்டிப் பையன் காதில் பாட்டோடு துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், கிளம்புகிற வழியைக் காணோம். கண்டக்டர் ஒரு கணம் யோசித்தார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அந்த விசிலை வாயில் வைத்து, மூச்சைத் திரட்டி, இரண்டு ஊதினார்.

படகு கிளம்பியதோ இல்லையோ, மேட்டில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்ற டூரிஸ்ட் பஸ் ஒன்று கிளம்பிவிட்டது! அந்த டிரைவரும் தொழில்காரர்தானே. கையில் சோளக்கதிரோடு ஒருத்தர், ஒற்றைச் செருப்போடு ஒரு அம்மாள், பின்னால் இன்னும் ஒரு கூட்டம், "ஏய், நிறுத்து, நிறுத்து" என்று பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியது. கண்டக்டர் வெலவெலத்துப் போனார். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சாவிக்கொத்து, மேட்டைப் பார்த்து ஒற்றை விசிலை ஊது ஊது என்று ஊதினார். பஸ் நின்றது. சோளக்கதிர்க்காரர் அங்கிருந்தே அவரைத் திட்டினார். கண்டக்டர் செருப்புக் கையாலேயே அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கண்டக்டரம்மா நடு ஏரியில் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. கரையில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது, பார்த்துக்கொண்டே இருந்தார், அவளுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.